உடைப்பில் நின்ற நூறு பேர்

மண்சுவரும் பீரங்கியும்

இராசபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் தெற்கே செல்பவருக்குச் சேத்தூர், தேவதானம், சிவகிரி, வாசுதேவநல்லூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்க, வலப்பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை விலகாமல் உடன் வரும். இந்த மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களில் நெற்கட்டும்செவல் பாளையக்காரரான பூலித்தேவன் கதையைக் கேட்காதவர் அரிது. கேட்ட பலருக்கும் எழுந்திருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. வேலும் வாளும் தீத்திரித் துப்பாக்கியும் ஏந்திய பாளையத்து வீரர்கள், மண்ணால் எழுப்பிய கோட்டைகளை நம்பி, பீரங்கிகளும் அணிவகுப்புப் பயிற்சி பெற்ற சிப்பாய்களும் கொண்ட படைகளைப் பத்தாண்டுகளுக்கு மேல் எப்படித் தடுத்து நிறுத்தினார்கள்?

1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரானும் ஆற்காட்டு நவாபின் சகோதரர் மாபூஸ் கானும் நெற்கட்டும்செவலுக்கு எதிரே வந்து, கோட்டையைப் பிடிக்காமலே திரும்பினார்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு டிசம்பரில் கம்பெனியின் தளபதி யூசுப் கான், அதாவது மக்கள் கான் சாகிபு என்றும் மருதநாயகம் என்றும் அறிந்தவர், வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பீரங்கியால் தாக்கிச் சுவரில் உடைப்பு ஏற்படுத்தி, அதன் வழியே வீரர்களை ஏவினார். ஆங்கிலேயரின் இந்தியப் போர்களைப் பற்றி விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம் அன்று நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். உடைப்பில் கைகலப்பு நடந்துகொண்டிருந்த வேளையில், நெற்கட்டும்செவலிலிருந்து தன் ஆட்களுடன் காட்டை ஒட்டி வந்த பூலித்தேவன், யூசுப் கானின் பாசறையைப் பின்புறத்திலிருந்து தாக்கவே, உடைப்பில் போரிட்டவர்கள் பின்வாங்கினார்கள், தாக்குதல் தோற்றது. அந்தக் கோட்டை 1767 மே மாதத்தில் கர்னல் டொனால்டு கேம்பலிடம் விழுந்தது.

வீரம் என்ற விடை உண்மையானதுதான். ஆனால் அது எந்த வழியாக வேலை செய்தது என்பதை அந்த ஒரு சொல் விளக்கிவிடுவதில்லை. உடைப்பில் நின்ற தாக்குதல்காரர்களும் வீரர்களே. அவர்களை வாயிலிலேயே எதிரி கொன்று தீர்த்துவிடவில்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள். ஒரு படை எப்போது திரும்புகிறது என்ற கேள்வியைக் கணினிக்குள் வைத்து ஆராயும் ஒரு முறை சென்ற நூற்றாண்டின் இறுதியில் உருவானது. அந்த முறைக்கு வருமுன், அதற்கு முந்திய கணக்கு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்.

தலையெண்ணிப் பார்க்கும் கணக்கு

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளரும், 1915இல் ஓசிபோவ் என்ற ரஷ்யரும், ஒருவரையொருவர் அறியாமல், போரில் இரு தரப்பின் எண்ணிக்கை எப்படிக் குறையும் என்பதற்கு ஒரே விதமான கணக்கை வகுத்தார்கள். ஆயிரம் பேரும் ஐந்நூறு பேரும் ஒரே தரமான துப்பாக்கிகளுடன் வெட்டவெளியில் எதிரெதிரே நின்று, எவரும் எவரையும் குறிபார்க்க முடிகிற நிலையில் சுட்டுக்கொண்டால், சிறிய படையின் ஐந்நூறு பேரும் விழுந்து முடியும்போது பெரிய படை இழந்திருப்பது ஏறக்குறைய 134 பேரை மட்டுமே. ஒருவர்மேல் இருவர் சுடுவதால் சிறிய படை வேகமாகக் கரைகிறது. அது கரையக் கரைய, பெரிய படையை நோக்கி வரும் குண்டுகளும் குறைந்துகொண்டே போகின்றன. எண்ணிக்கையில் இரு மடங்கு என்பது வலிமையில் நான்கு மடங்காகிவிடுகிறது.

அதே இரு படைகளும் ஒரு நேரத்தில் ஒருவருக்கு எதிரே ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய குறுகலான இடத்தில் கைகலந்தால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. பின்வரிசையில் காத்திருப்பவரால் எதுவும் செய்ய முடியாது என்பதால், ஐந்நூறு பேரை வீழ்த்தப் பெரிய படையும் ஐந்நூறு பேரை இழக்க வேண்டும். மண்கோட்டையின் சுவர் செய்த வேலையின் ஒரு பகுதி இதுவே. சுவர் இருக்கும் வரை தாக்குபவரின் எண்ணிக்கை ஓர் உடைப்பின் அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த உடைப்பையும் உள்ளிருப்பவர்கள் பனைமரத் துண்டுகளாலும் வைக்கோலாலும் உடனுக்குடன் அடைத்துவிட்டால், பீரங்கியின் வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு பயனற்றதல்ல. 1945இல் ஐவோ ஜீமா தீவில் நடந்த போரின் இழப்புகளோடு அதை ஒப்பிட்டு, இரண்டும் நன்கு பொருந்துவதை எங்கல் என்ற ஆய்வாளர் 1954இல் காட்டினார். ஆயினும் அதன் அடிப்படையில் ஒரு பெரிய குறை உண்டு: அதற்குள் மனிதர் இல்லை. ஒரு தரப்பின் வீரர் அனைவரும் ஒரே சராசரி ஆளின் படிகளாக எண்ணப்படுகிறார்கள். எவரும் எங்கும் நிற்பதில்லை, எதையும் பார்ப்பதில்லை, எதையும் கேட்பதில்லை, கடைசி மூச்சு வரை திரும்பிப் பார்ப்பதுமில்லை. வாசுதேவநல்லூரில் நடந்தது போன்ற ஒன்றை, அதாவது பின்னால் எழுந்த கூச்சலுக்கு முன்னால் நிற்பவர்கள் திரும்புவதை, இந்தக் கணக்குக்குள் எழுத இடமே கிடையாது.

ஒவ்வொருவனுக்கும் ஒரு விதி

மாற்று வழி கீழிருந்து தொடங்குவது. படையைப் பற்றி எதையும் எழுதாமல் படைவீரனைப் பற்றி மட்டும் எழுதி, அப்படிப்பட்ட பல நூறு வீரர்களைக் கணினித் திரையில் விட்டுவிட்டு, மொத்தத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே இந்த முறை. தனக்கென ஓர் இடமும், ஓரளவு தொலைவு வரை காணும் பார்வையும், கண்டதற்கேற்ப அடுத்த அடியை முடிவு செய்யச் சில எளிய விதிகளும் கொண்டு கணினிக்குள் உலவும் ஒவ்வோர் உருவும் ‘முகவர்’ எனப்படும். அவற்றால் ஆன உலகம் முகவர் மாதிரி. எந்த ஒரு முகவருக்கும் எழுதிக்கொடுக்கப்படாத ஒரு போக்கு கூட்டம் முழுவதிலும் தானாகத் தோன்றுமானால் அதைத் ‘திரள்விளைவு’ என்று அழைக்கலாம். பக்கத்துப் பறவையோடு மோதாதே, அதன் திசையிலேயே பற, கூட்டத்தின் நடுவை ஒட்டியிரு என்ற மூன்றே விதிகளைக் கொண்டு, வானில் பறவைக்கூட்டம் வளைந்து திரும்பும் அழகைக் கிரேக் ரெய்னால்ட்ஸ் 1980களின் நடுவில் திரையில் எழச் செய்தார். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது.

தமிழ்நாட்டுத் திண்ணைகளில் கட்டம் கீறி ஆடப்படும் ஆடுபுலி ஆட்டத்தில், மூன்று புலிகளுக்கும் பதினைந்து ஆடுகளுக்கும் வெவ்வேறு விதிகள் இருப்பதையும், வெட்ட முடியாத ஆடுகள் சூழ்ந்து நின்றே புலியை முடக்குவதையும் அறிந்தவர்களுக்கு, வலிமை என்பது காய்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பது புதிய செய்தியாக இராது. வேறுபாடு என்னவென்றால், அங்கே காய்களை நகர்த்த மேலிருந்து முழுப்பலகையையும் பார்க்கும் ஒரு கை இருக்கிறது. முகவர் மாதிரியில் அந்தக் கை இல்லை; ஒவ்வொரு காயும் தன்னைச் சுற்றியுள்ள சில கட்டங்களை மட்டும் பார்த்துத் தானே நகர்கிறது.

தரைப்போருக்கு இந்த முறையை முதலில் விரிவாகக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ இலாச்சின்ஸ்கி. அமெரிக்காவின் கடற்படைப் பகுப்பாய்வு மையத்தில் பணியாற்றிய அவர் 1990களின் பின்பகுதியில் ‘ஐசக்’ என்ற மாதிரியையும், பின்னர் ‘ஐன்ஸ்டைன்’ என்ற விரிந்த வடிவத்தையும் உருவாக்கினார். அவற்றில் ஒவ்வொரு வீரனின் இயல்பும் ஆறே எண்களால் சொல்லப்படுகிறது: நலமாக உள்ள தோழன், காயம்பட்ட தோழன், நலமாக உள்ள எதிரி, காயம்பட்ட எதிரி, தன் கொடி, எதிரியின் கொடி ஆகிய ஆறையும் நோக்கி அவன் எவ்வளவு ஈர்க்கப்படுகிறான் அல்லது விலக்கப்படுகிறான் என்பதே அந்த எண்கள். இவற்றோடு, அருகில் இத்தனை தோழர்கள் இருந்தால் முன்னேறு, இத்தனைக்குக் குறைந்தால் மோதாதே என்பன போன்ற எல்லைகளும் சேர்கின்றன. நியூசிலாந்தின் பாதுகாப்புத் தொழில்நுட்ப முகமை ஏறக்குறைய அதே காலத்தில் உருவாக்கிய ‘மானா’ என்ற மாதிரியில், தோழர்கள் வழியாகக் கிடைத்த செய்திகளால் ஒவ்வொரு வீரனின் மனத்திலும் வரையப்படும் களப்படமும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ்த் தில்லியில் இயங்கும் அமைப்பியல் ஆய்வு நிறுவனம் முப்படைகளுக்கான கணினிப் போர்ப்பயிற்சி மாதிரிகளை நெடுங்காலமாக உருவாக்கி வருகிறது.

நூறு பேர், நூறு தாங்கெல்லைகள்

இந்த வகைச் சிந்தனையின் முழு வலிமையையும் கணினி இல்லாமல், ஒரு தாளும் பென்சிலும் கொண்டே காட்டிவிடும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978இல் கலகக் கூட்டங்களைப் பற்றி எழுதியபோது பயன்படுத்திய அந்தக் கணக்கை, ஒரு கோட்டைச் சுவரின் உடைப்புக்கு மாற்றிப் பார்க்கலாம். பழந்தமிழ்ப் போர் மரபில் கோட்டையை முற்றுகையிடுவோர் உழிஞைப் பூவையும், உள்ளிருந்து காப்போர் நொச்சிப் பூவையும் சூடியதால், மாதிரியின் இரு தரப்புக்கும் உழிஞையர், நொச்சியர் என்றே பெயர் வைக்கலாம்.

உடைப்பின் முன் உழிஞையர் நூறு பேர் நிற்கிறார்கள். இத்தனை தோழர்கள் பின்வாங்குவதைக் கண்டால் தானும் பின்வாங்குவது என்று ஒவ்வொருவன் மனத்திலும் ஓர் எண் இருக்கிறது. அதைத் ‘தாங்கெல்லை’ என்போம். ஒருவனுடைய தாங்கெல்லை சுழி, அதாவது எவரையும் பார்க்காமல் அவனே முதலில் திரும்பிவிடுவான். அடுத்தவனுடையது ஒன்று, அதற்கடுத்தவனுடையது இரண்டு, இப்படியே ஏறிச்சென்று நூறாவது ஆளின் தாங்கெல்லை தொண்ணூற்றொன்பது. முதலாமவன் திரும்புகிறான். ஒருவன் திரும்பியதைக் கண்டு தாங்கெல்லை ஒன்று உள்ளவன் திரும்புகிறான். இருவர் திரும்பியதைக் கண்டு மூன்றாமவன். சங்கிலி எங்கும் அறுபடாமல் ஓடி, தொண்ணூற்றொன்பது பேர் போனாலன்றி அசையமாட்டேன் என்று நின்ற மாவீரனும் இறுதியில் திரும்ப, உடைப்பில் ஆளே இல்லாமல் போகிறது.

இப்போது ஒரே ஒருவனை மட்டும் மாற்றலாம். தாங்கெல்லை ஒன்று கொண்டிருந்தவனுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் முன்பிருந்தவர்களே. முதலாமவன் திரும்புகிறான். ஒருவன் போவதைக் கண்டு போகக்கூடியவன் இப்போது எவனும் இல்லை, ஏனெனில் மற்ற அனைவருக்கும் குறைந்தது இரண்டு பேராவது போக வேண்டும். சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகிறது. தொண்ணூற்றொன்பது பேர் உடைப்பில் உறுதியாக நிற்கிறார்கள்.

இரு படைகளின் சராசரித் தாங்கெல்லையையும் கணக்கிட்டால் முதற்படைக்கு 49.5 என்றும் இரண்டாவதற்கு 49.51 என்றும் வரும். மேலிருந்து பார்க்கும் எவருக்கும் இவை ஒரே துணிவுள்ள இரு படைகளே. ஆனால் ஒன்று முற்றாகக் கலைந்துவிட்டது, மற்றது நின்றுவிட்டது. கலைந்த படையைக் கோழைகள் என்றும், நின்ற படையை வீரர்கள் என்றும் பின்னால் எழுதப்போகும் வரலாறு, இருவருக்குமே அநீதி செய்திருக்கும். சராசரியைக் கொண்டு போடப்படும் கணக்குகள் எதைத் தவறவிடுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

பின்னால் எழுந்த கூச்சல்

நின்ற படையை, அதாவது தொண்ணூற்றொன்பது பேர் அசையாமல் இருந்த இரண்டாவது படையை, மறுபடியும் எடுத்துக்கொள்வோம். உடைப்பிலிருந்து சற்றுத் தொலைவில், அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் பாசறையில் திடீரென்று கூச்சல் எழுகிறது. உணவும் மருந்தும் தோட்டாவும் இருக்கும் இடம் தாக்கப்படுகிறது. திரும்பிப் போகும் வழி அடைபடக்கூடும். இந்தச் செய்தியால் உடைப்பில் நிற்பவர்களில் ஒருவர்கூடக் காயப்படவில்லை. ஆனால் சுழி உள்ளவனைத் தவிர மற்ற ஒவ்வொருவனுடைய தாங்கெல்லையும் ஒன்றே ஒன்று குறைந்தது என்று கொள்வோம்: இரண்டு இருந்தவனுக்கு ஒன்று, தொண்ணூற்றொன்பது இருந்தவனுக்குத் தொண்ணூற்றெட்டு.

முன்பு ஒருவனோடு நின்றுபோன சங்கிலி இப்போது நிற்பதில்லை. முதலாமவன் திரும்பியதும், தாங்கெல்லை ஒன்றாகக் குறைந்த இருவர் திரும்புகிறார்கள். மூவர் போனதைக் கண்டு அடுத்த இருவர். ஐவர் போனதைக் கண்டு மேலும் இருவர். இப்படியே இரண்டிரண்டாகக் கூடி, நூறு பேரும் உடைப்பை விட்டு விலகுகிறார்கள்.

வாசுதேவநல்லூரில் நடந்தது இதுதான் என்று இந்தக் கணக்கு நிறுவிவிடவில்லை, நிறுவவும் முடியாது. ஆனால் அது வேறொன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. பாசறையைத் தாக்கியவர்கள் அந்தத் தாக்குதலில் வெல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது. எதிரியைப் பெருமளவில் கொல்லவோ பீரங்கிகளைக் கைப்பற்றவோ வேண்டியதில்லை; உடைப்பில் நிற்கும் ஒவ்வொருவனுடைய மனஉறுதியிலும் ஒரு சிறு துணுக்கை உதிர்த்தால் போதும், எஞ்சியதை உடைப்பில் நிற்பவர்களே ஒருவருக்கொருவர் செய்துகொள்வார்கள். ஆகவே பூலித்தேவன் எத்தனை பேருடன் வந்தான் என்பதைவிட எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்பதே பெரிய செய்தியாகிறது. கோட்டைக்குள் நின்று உயிரைக் கொடுத்துச் சுவரைக் காத்தவர்கள் அந்த நேரத்தை வாங்கிக் கொடுத்தார்கள் என்பதால், உடைப்பின் போரும் பாசறையின் போரும் தனித்தனியே எண்ணத்தக்கவை அல்ல.

வயலும் காடும்

மேற்கண்ட நூறு பேரும் எல்லாரையும் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பதாகக் கொண்டதால் தாளும் பென்சிலும் போதுமானதாக இருந்தது. உண்மையான களத்தில் புகையும் தூசியும் மறைக்க, ஒவ்வொருவனும் தன் இருபுறத்திலும் உள்ள சிலரை மட்டுமே காண்கிறான். எனவே தாங்கெல்லை குறைந்தவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதும் சேர்ந்துகொள்கிறது. கணினி தேவைப்படுவது இங்கேதான்.

களத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடக்கும் வேகமும் பார்வை எட்டும் தொலைவும் வகுக்கப்படுகின்றன. தேவதானம் முதல் வாசுதேவநல்லூர் வரையிலான நிலத்தின் வைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரியானது: மேற்கே மலை, அதன் காலடியில் காடு, அடுத்து கண்மாய்கள், கண்மாய்களுக்குக் கீழே நெல்வயல். டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழை பெய்து, கண்மாய் நிறைந்து, வயல் சேறாக இருக்கும் மாதம். வயல்வெளியில் பார்வை தொலைவு வரை எட்டினாலும் கால் வேகமாகப் போகாது; பீரங்கி வண்டிக்கு வரப்பும் சேறும் பெரும் தடை. காட்டு ஓரத்தில் பார்வை சில அடிகளில் முடிந்துவிடும். ஆனால் வழி தெரிந்தவன் அதற்குள் மறைந்தபடி நகரலாம். உழிஞையருக்கும் நொச்சியருக்கும் ஒரே விதிகளைக் கொடுத்துவிட்டு, காட்டுக் கட்டங்களில் நொச்சியருக்கு மட்டும் வேகத்தைக் கூட்டினால், அந்த ஒரு மாற்றம் பாளையத்து வீரர்களின் இடஅறிவைக் குறிக்கிறது. வளரியையும் வேலையும் துப்பாக்கியையும் ஒப்பிடும் பேச்சில் எளிதாக விடுபட்டுப்போகும் படைக்கலம் இந்த இடஅறிவே.

ஒரே போரை ஆயிரம் முறை

குண்டு படுமா தவறுமா என்பதைக் கணினி ஒவ்வொரு முறையும் தற்செயலாக முடிவு செய்வதால், அதே களத்தில், அதே விதிகளோடு மாதிரியை இரண்டாம் முறை ஓட்டினால் வேறு முடிவு வரலாம். ஆகவே எவரும் ஒரு முறை ஓட்டுவதோடு நிறுத்துவதில்லை. ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, எத்தனை முறை கோட்டை நின்றது, எத்தனை முறை விழுந்தது என்ற பரவலையே பார்க்கிறார்கள். பிறகு, பாசறைத் தாக்குதலை அரைமணி நேரம் பிந்தச் செய்து மறுபடியும் ஆயிரம் முறை. சுவரைச் சற்றுத் தாழ்த்தி ஆயிரம் முறை. காட்டை அழித்துவிட்டு ஆயிரம் முறை. எதைத் தொட்டால் பரவல் பெரிதாக அசைகிறதோ அது முக்கியமானது, எதைத் தொட்டும் அசையவில்லையோ அது அந்தக் களத்தில் அவ்வளவு பொருட்டல்ல. வரலாறு என்பது இந்த ஆயிரத்தில் உண்மையாகவே நிகழ்ந்த ஒரே ஓட்டம். அது எல்லா ஓட்டங்களிலும் நேரக்கூடிய முடிவா, அரிதாக நேரும் முடிவா என்பதை அந்த ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இந்த முறை போருக்கு மட்டும் உரியதன்று. 2020இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து, அவ்விரு நகரங்களின் மக்களை முகவர்களாகக் கொண்டு கொரோனாத் தொற்றின் பரவலை ஆராய்ந்தன. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் நெருக்கும் கூட்டம் எந்தச் சந்தில் தேங்கும், எந்த வழியைத் திறந்தால் கலையும் என்பதையும் இதே முறையால் ஆராய முடியும். உயிரைக் காக்கும் அந்தப் பயன், போர்ப் பயனைவிட விரைவில் நம் ஊர்களுக்கு வந்து சேர வேண்டும்.

மாதிரிக்குள் இல்லாதவை

மாதிரி உண்மையில் நடந்த முடிவையே தந்துவிட்டால் அது சரியான மாதிரி என்று மகிழ்ந்துவிடும் ஆபத்து பெரிது. கோட்டை நின்றது என்ற ஒரே முடிவை, தாங்கெல்லை குறைவு என்ற விதியாலும் பெறலாம், தோட்டா தீர்ந்தது என்ற விதியாலும் பெறலாம், சேற்றில் கால் புதைந்தது என்ற விதியாலும் பெறலாம்; முடிவு பொருந்தியது என்பதால் காரணமும் பொருந்திவிட்டதாகாது. இன்னொரு சிக்கல் சான்றுகளைப் பற்றியது. வாசுதேவநல்லூர்ப் போரை விவரித்த ஓர்ம் கம்பெனியின் கண்வழியே எழுதியவர். உடைப்புக்கு உள்ளே நின்றவர்களின் அச்சமும் உறுதியும் அவருடைய பக்கங்களில் மிகக் குறைவு. பூலித்தேவனின் படைத்தலைவர்களான ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி போன்றோரின் பெயர்களும் செயல்களும் மக்கள் நினைவிலும் பாட்டிலும் காக்கப்பட்டு வந்தவை. ஒரு தரப்பின் ஏட்டிலிருந்து மட்டும் எண்களை எடுத்து மாதிரி கட்டினால், அந்த ஏட்டின் சாய்வு கணினியின் முத்திரையோடு அறிவியலாகத் திரும்பி வரும்.

திரையில் ஒரு புள்ளி அணையும்போது அது ஒரு மனிதனின் சாவைக் குறிக்கிறது என்பதை மாதிரி கட்டுபவர் மறக்கக் கூடாது. சேதக் கணக்கைக் குறைக்கும் வழியைத் தேடும் அதே கருவி, அதைக் கூட்டும் வழியையும் அதே எளிமையோடு காட்டிக்கொடுக்கும். கேட்பவரின் கேள்வி எதுவோ அதற்கேற்ற விடையே வரும் என்பதால், இத்தகைய மாதிரிகளில் எந்த விதிகள் எழுதப்பட்டன, ஏன் எழுதப்பட்டன என்பதை வெளிப்படையாக வைப்பது அவசியம்.

யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கி இலவசமாக வழங்கிய ‘நெட்லோகோ’ என்ற மென்பொருளில், பள்ளி மாணவரும் சில நாட்களில் நூறு உழிஞையரை ஓர் உடைப்பின் முன் நிறுத்திவிட முடியும். நிரல் எழுதுவது இதில் கடினமான பகுதி அன்று. அன்று காட்டின் விளிம்பு எங்கே இருந்தது, எந்தக் கண்மாயின் மறுகால் எந்தப் பாதையை அந்த மாதத்தில் அடைத்திருக்கும், மண்சுவரின் உயரம் என்ன, பாசறையின் கூச்சல் உடைப்பு வரை கேட்டிருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை, கம்பெனியின் ஆவணங்களிலும் வாசுதேவநல்லூரில் எஞ்சியிருக்கும் மண்மேட்டிலும் ஊர்ப் பெரியவர்களின் பாட்டிலும் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒன்றுசேர்த்து ஒரு வரைபடத்தில் ஏற்றுவதே முதல் வேலை.